யாரோ மிதிக்கிறார்கள்

எங்கள் காரில் எந்தக் குறையும் இல்லை என்று கம்பெனியின் சர்வீஸ் சென்டர் எனக்கு நான்கு முறை எழுதிக் கொடுத்திருக்கிறது. நான்கும் நல்ல தடிமனான, வழவழப்பான காகிதம். ஓரத்தில் பொன்னிறக் கோடு, கீழே மூன்று பேர் கையெழுத்து. எங்கள் கல்யாணப் பதிவுச் சான்றிதழ்கூட அத்தனை லட்சணமாக இருக்காது. இப்போது அவை நாலாக மடிக்கப்பட்டு என் தையல் மேஜையின் ஆடுகிற காலுக்கு அடியில் இருக்கின்றன. மேஜை ஆடுவது நின்றுவிட்டது.

நான் ஜன்னல் திரை தைப்பவன். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, துணி வெட்டி, தைத்து, மாட்டிவிட்டு வருவது என் தொழில். திரை மூன்று அங்குலம் குட்டையாகப் போனால் வெயில் உள்ளே வரும், வீட்டுக்காரம்மா கூப்பிட்டுத் திட்டுவார், நான் கழற்றிக்கொண்டு வந்து சரிசெய்து கொடுப்பேன். ‘திரை சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் ஜன்னல்தான் நீளம்’ என்று சொல்லிவிட்டு வரலாமே என்று இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்த சர்வீஸ் சென்டருக்குப் போய் வந்த பிறகுதான் இப்படியும் பிழைக்கலாம் என்று தெரிந்துகொண்டேன்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலை பதினொன்றரைக்கு மெஷினில் போட்டால் மூன்றரைக்கு எடுப்பார்கள், முழுசாக நாலு மணி நேரம். நாலு மணிக்கு அதே நாற்காலிக்கு அடுத்த நோயாளி வந்துவிடுவார். ஆகவே நாங்கள் அரைமணி தாமதமாகப் போனால் அவளுக்கு அரைமணி குறையும். நர்ஸ் தங்கமான பெண்தான், ஆனால் அடுத்தவருடைய நேரத்தை எடுத்துக் கொடுக்க அவளால் முடியாது. அந்தக் குறைந்த அரைமணியில் மெஷின் எடுத்திருக்க வேண்டிய தண்ணீர் என் மனைவியின் கணுக்காலில் போய்த் தங்கும். நெஞ்சிலும் தங்கும். அன்றைக்கு அவளால் படுக்க முடியாது. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவாள். இந்தப் போக்குவரத்துக்காகத்தான் நாங்கள் காரே வாங்கினோம். வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. கியர் போடும் வேலை இல்லாத ஆட்டோமேட்டிக் கார்.

அந்தக் கார்தான் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பெரிய சாலைச் சந்திப்பின் நட்டநடுவில் சோர்ந்து போனது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறேன், வண்டி முனகுகிறது. இன்னும் மிதிக்கிறேன், இன்னும் முனகுகிறது. எருமை நடக்கிற வேகத்துக்கு மேல் போக மறுத்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. பத்து நிமிஷம் ஓரத்தில் நிறுத்திவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. மறுமுறை போகும்போது மறுபடியும் அதே கூத்து. அந்த வாரம் என் மனைவிக்கு மூன்று அரைமணிகள் போயின.

தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றால் முடியாது. வெளியாள் கை பட்டால் கேரண்டி போய்விடும் என்று காரோடு கொடுத்த புத்தகத்தில் பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறது. எனவே கம்பெனிக்கே கொண்டுபோனேன்.

சர்வீஸ் சென்டர் என்பது கண்ணாடியால் கட்டிய கட்டடம். உள்ளே நுழைந்ததும் பன்னீர் வாசனை அடித்தது. கிரீஸ் வாசனையே இல்லை. கார் ரிப்பேர் நடக்கும் இடத்தில் கிரீஸ் வாசனை இல்லையென்றால் அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர் கையில் பலகை போன்ற கம்ப்யூட்டரோடு வந்தார். அவருக்கு ஆலோசகர் என்று பெயர்.

“சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?”

“மிதிச்சா போகமாட்டேங்குது.”

அவர் விரலால் திரையை மேலும் கீழும் தள்ளினார். “அப்படி ஒரு பிரச்சினை லிஸ்ட்ல இல்லையே சார்.”

“லிஸ்ட்ல இல்லைன்னா என்ன, வண்டியில இருக்கு.”

“லிஸ்ட்ல இருந்தாத்தான் சார் உள்ள அனுப்ப முடியும். மொத்தம் அறுபத்தெட்டு பிரச்சினை இருக்கு, எல்லாம் தலைமை அலுவலகத்துல யோசிச்சுப் போட்டது. இதுல உங்களுக்குப் பிடிச்சதா ஒண்ணு சொல்லுங்க.”

படித்துக் காட்டினார். கதவு கிரீச்சிடுகிறது. கண்ணாடி துடைப்பான் சரியாகத் துடைக்கவில்லை. ரேடியோவில் இரைச்சல். இருக்கையில் துர்நாற்றம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தேன். கடைசியில் அவரே இரக்கப்பட்டு, “ஏசி போதுமான அளவு குளிரவில்லை” என்பதைத் தேர்ந்தெடுத்தார். வண்டி உள்ளே போக ஏதாவது ஒன்று வேண்டுமே என்றார்.

சாயங்காலம் போனேன். கார் பளபளவென்று நின்றது. உள்ளே புகுந்து வாக்குவம் போட்டு ஒரு துரும்பு விடாமல் உறிஞ்சி எடுத்திருந்தார்கள். மிதியடியை எடுத்துத் தட்டி, அதன் அடியில் கிடந்ததையெல்லாம் கூட்டிப் பெருக்கி, மேலே வெள்ளைக் காகிதம் விரித்திருந்தார்கள். அந்த அடியில் கிடந்த குப்பையில்தான் எங்கள் காருடைய நோயின் முழு வரலாறும் இருந்தது என்பது அப்போது எனக்கும் தெரியாது, அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. ஏசி நன்றாகக் குளிர்கிறது, குறை இல்லை என்று முதல் சான்றிதழ் கொடுத்தார்கள். நாலு பேர் வரிசையாக நின்று கைதட்டினார்கள். எந்த வாடிக்கையாளரையும் கைதட்டாமல் வெளியே அனுப்புவது அங்கே வழக்கமில்லை. ஆலோசகர் காதருகில் வந்து, “போன்ல மதிப்பெண் கேட்பாங்க சார். பத்துக்குப் பத்து போட்டுடுங்க. ஒன்பது போட்டாலும் எங்களுக்கு அது பூஜ்யம்தான்” என்றார்.

இரண்டு நாள் கழித்து வண்டி மறுபடியும் நின்றது. இந்த முறை நான் வாசலிலேயே சத்தம் போட்டேன். சத்தம் போட்டதற்குப் பலன் இருந்தது. என்னை நேராகத் துறைத் தலைவர்களிடம் அழைத்துப் போனார்கள். அங்கே பிரேக் துறை தனி, த்ராட்டில் துறை தனி. வண்டி நிற்பதற்குப் பொறுப்பு பிரேக் துறை. இன்ஜினுக்குள் காற்றை விட்டு வண்டியை ஓட வைப்பது த்ராட்டில், அதற்குப் பொறுப்பு த்ராட்டில் துறை. இரண்டு துறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர் இருந்தது. இரண்டு தலைவர்களும் ஒருவரையொருவர் பார்க்காதபடி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

பிரேக் துறைத் தலைவர் கேட்டார். “உங்க வண்டி நிக்குதா?”

“நிக்குது சார். அதுதான் பிரச்சினையே.”

“நிக்குதுன்னா பிரேக் நல்லா இருக்குன்னு அர்த்தம். நிக்காம போனா வாங்க.”

“நடு ரோட்ல நிக்குதுங்க.”

“எந்த ரோட்ல நிக்குதுங்கறது எங்க துறை கிடையாது.”

சுவரைச் சுற்றிக்கொண்டு த்ராட்டில் துறைக்குப் போனேன். அந்தத் தலைவர் இன்னும் மரியாதையானவர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஒரு கம்பியைக் காருக்குள் சொருகிப் பார்த்துவிட்டு வந்தார். “எங்க த்ராட்டில் ரொம்ப கீழ்ப்படிதல் உள்ளது சார். பிரேக் மிதிச்சிருக்குன்னு தகவல் வந்தா அது காத்தை விடாது. யாரோ பிரேக் மிதிக்கிறாங்கன்னு தகவல் வருது. அதனால விடல. ஒழுங்கா வேலை பாக்குது.”

“யாரும் மிதிக்கலையே சார்.”

“அதை நீங்க பிரேக் துறையில போய்ச் சொல்லணும்.”

“அங்க போய்த்தான் சார் வரேன். அந்தத் தகவலை யாரு குடுக்கிறது?”

“மிதிக்கு மேல குட்டியா ஒரு சுவிட்ச் இருக்கும்.”

“அந்த சுவிட்ச் எந்தத் துறை?”

அவர் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். “சுவிட்ச்சுனு பாத்தா மின்சாரத் துறை. ஆனா மிதியில மாட்டியிருக்கறதால பிரேக் துறை. பலன் எங்களுக்கு வர்றதால எங்க துறைன்னும் வாதாடலாம். ஆனா நாங்க வாதாடல” என்று பெருந்தன்மையாகச் சொன்னார். இரண்டு துறையிலும் குறை இல்லை என்று இரண்டாவது சான்றிதழ் வந்தது. வாக்குவம் போட்டார்கள், கைதட்டினார்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது என் மனைவி வழக்கத்தைவிட இரண்டு கிலோ கூடுதலாக இருந்தாள். அத்தனையும் தண்ணீர். நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணே, இப்படியே குறைச்சுக்கிட்டே போனா தாங்காதுண்ணே. வேற வண்டியாவது புடிங்க” என்றாள். வாடகை வண்டியும் பிடித்துப் பார்த்தோம். வீடு திரும்பும்போது என் மனைவிக்கு வாந்தி வரும், சீட்டைச் சாய்த்துப் படுக்க வேண்டும். இரண்டு வண்டிக்காரர்கள் அவளைப் பார்த்ததுமே கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாமவர் பாதி வழியில் இறக்கிவிட்டார். சொந்தக் காரே தேவலை என்று வந்துவிட்டோம். அதுவும் பாதி வழியில்தான் நின்றது, ஆனால் வாந்திக்கு முகம் சுளிக்கவில்லை.

மூன்றாவது முறை போனபோது முழுச் சோதனை செய்வதாகச் சொன்னார்கள். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. டெக்னீஷியன் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். ஒரு பெட்டியைக் காரோடு இணைத்தார். சுவரில் இருந்த பெரிய திரையில் எழுத்துக்கள் ஓடின. ‘பிரேக் மிதி: மிதிக்கப்பட்டுள்ளது’ என்று வந்தது. “சரி” என்று குறித்துக்கொண்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டிப் பார்த்தேன். அவருடைய இடது கால் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. வலது காலால் ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்.

நான் ஆலோசகரைப் பிடித்து உலுக்கினேன். “தம்பி, அவர் கால பிரேக்ல வெச்சுக்கிட்டு பிரேக்க சோதிக்கிறாரே! கால எடுக்கச் சொல்லுங்க. எடுத்த பிறகும் ‘மிதிக்கப்பட்டுள்ளது’ன்னு வருதான்னு பாருங்க. அவ்வளவுதான் விஷயம்!”

ஆலோசகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “காலை எடுக்கறதா? சார், அது விதி நாற்பத்தொண்ணு.”

சத்தம் கேட்டு சென்டரின் தலைவரே மாடியிலிருந்து இறங்கி வந்தார். நல்ல உயரம், நல்ல நிறத்தில் கோட்டு, நல்ல குரல். அவரை எல்லாரும் ‘சீஃப்’ என்று அழைத்தார்கள். அவர் என் தோளில் கை போட்டு, என்னிடம் பேசுவதுபோல் கூடத்திலிருந்த எல்லாருக்கும் பேசினார்.

“சார், ஏழு வருஷம் முன்னாடி இந்த இடத்துல சோதனையின்போது ஒரு வண்டி தானா நகர்ந்து, என்னோட பாராட்டுக் கேடயம் வெச்சிருந்த அலமாரியில மோதிடுச்சு. அன்னிக்கு ஒரு முடிவு எடுத்தேன். சோதனை ஆரம்பிச்சதுலேர்ந்து முடியற வரைக்கும் பிரேக்லேர்ந்து கால எடுக்கக் கூடாது. அதுதான் விதி நாற்பத்தொண்ணு. அன்னிலேர்ந்து இந்த நிமிஷம் வரைக்கும் இந்த சர்வீஸ் சென்டர்ல ஒரு வண்டிகூட ஒரு அங்குலம் நகர்ந்தது கிடையாது. இதை நான் எந்த மேடையிலயும் பெருமையா சொல்லுவேன்.”

டெக்னீஷியன்கள் கைதட்டினார்கள். காரில் இருந்தவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் தட்டினார்.

“சார், கால வெச்சிருந்தா மிதிச்சிருக்குன்னுதானே காட்டும்?” என்று நான் கேட்டேன்.

“கரெக்ட். மிதிச்சிருக்கு, மிதிச்சிருக்குன்னு காட்டுது. எங்க கருவி பொய் சொல்லாது. நீங்க மிதிக்கல, ஆனாலும் வண்டி போகலன்னு சொல்றீங்க. அப்படின்னா சந்தேகம் எங்க வருது?” அவர் குனிந்து என் செருப்பைப் பார்த்தார். கூட இருந்த எல்லாரும் என் செருப்பைப் பார்த்தார்கள்.

அன்று மத்தியானம் எனக்கு வகுப்பு நடந்தது. ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே சிவப்பு பெயின்ட் அடித்த செங்கல் ஒன்றும் பச்சை பெயின்ட் அடித்த செங்கல் ஒன்றும் வைத்தார்கள். சிவப்பு பிரேக், பச்சை ஆக்ஸிலேட்டர். பயிற்சியாளர் அம்மா “பச்சை” என்றால் பச்சையை மிதிக்க வேண்டும், “சிவப்பு” என்றால் சிவப்பை. நாற்பது தடவை மிதித்தேன், ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் செங்கல்லை மிதித்துப் பாஸானேன் என்பதை வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தது. “இவ்வளவு நல்லா மிதிக்கிறீங்களே, அப்புறம் ஏன் சார் ரோட்ல அப்படிப் பண்றீங்க?” என்று அந்த அம்மா வருத்தப்பட்டார். ‘குறை இல்லை, வாடிக்கையாளரின் இடது கால் அறியாமல் பிரேக்கில் படுகிறது, அறிவுரை வழங்கப்பட்டது’ என்று மூன்றாவது சான்றிதழில் எழுதியிருந்தது. என் இடது கால் காரில் ஏறியதும் இறங்கும்வரை தூங்குகிற கால்.

அடுத்த டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது ஒரு பாத்திரக்கடை எதிரே கார் மறுபடி முனகி நின்றது. சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்த என் மனைவி தலையைத் திருப்பி கடைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, பிரேக் மிதிச்சிருக்கீங்களா?”

“நீயுமா? பச்சையத்தான்மா மிதிக்கிறேன்” என்றேன், வகுப்பு நினைப்பில்.

“அந்தக் கடைக் கண்ணாடியில பாருங்க. நம்ம வண்டிக்குப் பின்னாடி செக்கச்செவேல்னு எரியுது.”

பார்த்தேன். பின்பக்க பிரேக் விளக்குகள் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டேன். அப்போதும் எரிந்தன. அவள் களைப்பிலும் சிரித்தாள். ஐந்து வாரமாக இரண்டு துறை, ஒரு பெரிய திரை, இரண்டு செங்கல் எல்லாம் சேர்ந்து கண்டுபிடிக்காததை, ரத்தம் கழுவி முடித்துத் துவண்டு கிடந்தவள் படுத்த வாக்கில் கண்டுபிடித்துவிட்டாள்.

இறங்கி, தலைகீழாகக் குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் மிதிக்கு மேலே பார்த்தேன். த்ராட்டில் தலைவர் சொன்ன சுவிட்ச் அங்கே இருந்தது, அதன் நுனியில் ஒரு சின்ன முளை. மிதியிலிருந்து கால் எடுத்ததும் மிதியின் தண்டு மேலே வந்து அந்த முளையை அழுத்தி வைக்க வேண்டும். அழுத்தினால்தான் ‘மிதிக்கவில்லை’ என்று தகவல் போகும். தண்டில் முளை படுகிற இடத்தில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு ஒரு ரப்பர் வில்லை இருந்திருக்கிறது. அது காய்ந்து, துண்டு துண்டாக உதிர்ந்து, மிச்சம் ஒரு ஓரம்தான் ஆடிக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கும்போது அது நகர்ந்தால் முளை ஓட்டைக்குள் போய்விடும். கார் தன்னை யாரோ மிதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். உதிர்ந்த துண்டுகள் எல்லாம் மிதியடிக்குக் கீழேதான் விழுந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவற்றை வாக்குவம் போட்டு உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் அவர்கள் குறையைத் தேட உட்கார்ந்தார்கள்.

என் சட்டைப் பையில் எப்போதும் பட்டனும் ஊசியும் மெழுகு நூலும் இருக்கும். ஓட்டையை மூடுகிற அளவில் ஒரு பட்டனை எடுத்து, நூலை ஓட்டை வழியாக விட்டுத் தண்டோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டேன். சிவப்பு அணைந்தது. வீடுவரை கார் முனகாமல் ஓடியது.

அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் பிரேக்குக்குப் பக்கத்தில் ஒரு சட்டைப் பட்டனை நம்பி மனைவியை ஏற்றிக்கொண்டு போக எனக்கு மனம் ஒப்பவில்லை. சரியான வில்லையை வாங்கிப் போட்டுவிடலாம் என்று மறுநாள் சென்டரின் உதிரிபாகப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்தவர் பெரிய புத்தகத்தைப் புரட்டினார்.

“அப்படி ஒரு பாகமே கிடையாது சார்.”

“இருந்து உதிர்ந்து போயிடுச்சு. அதான் கேக்கறேன்.”

“புத்தகத்துல இல்லாதது எப்படி சார் உதிரும்? வேணும்னா மிதியை மொத்தமா மாத்தலாம். ஆனா அதுக்கு மிதியில குறைன்னு சான்றிதழ் வேணும். உங்ககிட்ட இருக்கறது மூணும் குறை இல்லைங்கற சான்றிதழ். இதை வெச்சுக்கிட்டு நீங்க என்ன கேட்டாலும் நாங்க குடுக்கக் கூடாது.”

இருந்தாலும் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், பார்த்து வைக்கிறோம் என்றார் ஆலோசகர். மறுநாள் டயாலிசிஸ் நாள், ஒன்பது மணிக்கெல்லாம் வேண்டும் என்றேன். நிச்சயம் என்றார்.

ஒன்பது மணிக்கு நானும் என் மனைவியும் தலையணை, பையோடு அங்கே போய் நின்றோம். ஆலோசகர் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை நீட்டினார். அதற்குள் என் பட்டன் இருந்தது. மேலே ‘அந்நியப் பொருள் – ஒன்று’ என்று சீட்டு ஒட்டி முத்திரை வைத்திருந்தார்கள்.

“உங்க வண்டியில இது எப்படியோ சிக்கியிருந்தது சார். நல்லவேளை, நாங்க பாத்தோம். எடுத்துட்டோம். வண்டி இப்ப கம்பெனிலேர்ந்து வந்த மாதிரியே இருக்கு. காலையில பாத்தா பேட்டரி சுத்தமா இறங்கியிருந்தது. ஏன்னு தெரியல. ஆனா இலவசமாவே சார்ஜ் பண்ணிட்டோம்.”

வண்டியைக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். நான்காவது முறை வருகிற வாடிக்கையாளருக்கு சீஃப் கையால்தான் சாவி கொடுக்க வேண்டும் என்பது விதியாம். சீஃப் பத்தரைக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்கு அரைமணிக்கு மேல் பயணம். என் மனைவி மணியைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அவளுக்குச் செருப்பு போட முடியவில்லை.

கூடத்தின் நடுவே கார் நீலப் பட்டுத் துணி போர்த்தி நிறுத்தப்பட்டிருந்தது. சாவி ஒரு தட்டில் இருந்தது. நாலு பேர் கைதட்டத் தயாராக நின்றார்கள். சீஃப் பேசினார்.

“ஒரு வாடிக்கையாளர் நாலு தடவை வர்றார்னா அது எங்க மேல அவருக்கு இருக்கற பாசம். குறை இருக்குன்னு வந்தார். ஒவ்வொரு தடவையும் குறை இல்லைன்னு நிரூபிச்சு அனுப்பினோம். சில சென்டர்கள்ல வண்டியத்தான் சரிபண்ணுவாங்க. நாங்க வாடிக்கையாளரோட எண்ணத்தையே சரிபண்றோம்.”

துணியை இழுத்தார்கள். கார் மின்னியது. பின்னால் இரண்டு பிரேக் விளக்குகளும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. கதவுகள் பூட்டியிருந்தன, உள்ளே யாரும் இல்லை, சாவி தட்டில் இருந்தது. கைதட்டல் பாதியில் நின்றது.

“சார், உள்ள ஆளே இல்லையே. யாரு மிதிக்கிறா?” என்று கேட்டேன்.

எல்லாரும் சீஃப் முகத்தைப் பார்த்தார்கள். அவர் விளக்குகளைப் பார்த்தார், பூட்டிய கதவைப் பார்த்தார். டெக்னீஷியனிடம் மெதுவாகக் கேட்டார். “சிஸ்டம் என்ன சொல்லுது?”

“மிதிக்கப்பட்டுள்ளதுன்னு சொல்லுது சீஃப்.”

“அப்ப யாரோ மிதிக்கிறாங்க” என்றார் சீஃப், ஒரு கண் இமைப்புக்கூட இல்லாமல். பிறகு பக்கத்திலிருந்தவரிடம், “பின்பக்கம் மட்டும் துணியப் போடுங்க. போட்டோ எடுக்கணும்” என்றார்.

பின்பக்கம் துணியைப் போட்டார்கள். என் மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை, அதற்கு அவளிடம் மூச்சும் இல்லை.

“சார், ஒவ்வொரு தடவ இந்த வண்டி நிக்கும்போதும் எனக்கு அரைமணி நேரம் போகுது. போனது போனதுதான், திரும்பக் கிடைக்காது. உங்க அறுபத்தெட்டுல அது எத்தனாவது?”

சீஃபுக்குத் தொழில் தெரியும். தலையைச் சாய்த்து, அனுதாபமாகச் சிரித்தார். “அது உங்க தனிப்பட்ட நேரம் மேடம். எங்க லிஸ்ட்ல வண்டியோட குறைகள் மட்டும்தான் வரும்.”

நான் தட்டிலிருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். பட்டன் இருந்த உறையைப் பிய்க்கப் போனபோது ஆலோசகர் கையைப் பிடித்துக்கொண்டார், முத்திரை வைத்த உறையை வளாகத்துக்குள் திறக்கக் கூடாதாம். அன்றைக்கென்று பார்த்துச் சட்டைப் பையில் ஊசியும் நூலும்தான் இருந்தன. என் மனைவி, மெஷின் குளிருக்காகப் போட்டிருந்த ஸ்வெட்டரின் மேல் பட்டனைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்து என்னிடம் கொடுத்தாள். “இந்தாங்க, சீக்கிரம்” என்றாள்.

மிதியடிமேல் விரித்திருந்த வெள்ளைக் காகிதத்தின் மேல் முதுகை வைத்து, கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மல்லாந்து படுத்து நான் பட்டனைத் தைத்தேன். என் தொழிலில் நான் போட்ட தையல்களிலேயே உறுதியான தையல் அதுதான். மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். துணிக்கு அடியில் சிவப்பு அணைந்ததும் சீஃப் முதலில் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள்.

“பாத்தீங்களா? நம்ம கூடத்துலயே சரியாயிடுச்சு!” என்றார்.

அவரோடு பேசினால் நேரம் ஆகும். துணியை இழுத்துப் போட்டுவிட்டு, மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஒரு காகிதத்தை ஜன்னல் வழியாக என் மடியில் போட்டார்கள், நான்காவது சான்றிதழ். சாலைச் சந்திப்பில் கார் நிற்கவில்லை. பாத்திரக்கடை எதிரே நிற்கவில்லை. பதினொன்று இருபத்தேழுக்கு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நர்ஸ் மணியைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு முழு நாலு மணி நேரம்க்கா” என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஊசியைப் போட்டாள்.

மூன்று மணிக்கு என் செல்போன் அதிர்ந்தது. சர்வீஸ் சென்டரிலிருந்து செய்தி. ‘அன்பு வாடிக்கையாளரே, உங்கள் புகார் வெற்றிகரமாக முடிக்கப்பட்டது. குறை: இல்லை. தீர்வு: வாடிக்கையாளர் பிரேக்கை மிதிப்பதை நிறுத்திவிட்டார். எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்?’

உடனே போன் அடிக்கவும் ஆரம்பித்தது. மதிப்பெண் கேட்கத்தான். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது, ஐந்து வாரமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள். ஆனால் என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. போனை அணைத்துப் பையில் போட்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஐந்து வாரமாக எங்களுக்குக் கிடைக்காமல் போன அந்தக் கடைசி அரைமணி நேரம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.